மொரப்பூர் டூ சென்னை: ரயில்வேயின் கேன்சர் சலுகை டிக்கெட் எப்படி இருக்கு?

தர்மபுரி மாவட்டத்தில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கமிருந்து கேன்சர் வைத்தியத்துக்குச் சென்னை போகிறவர்கள் இந்தச் சலுகையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஸ்லீப்பரிலும் தேர்டு ஏசியிலும் நோயாளிக்கு டிக்கெட் முழுக்க இலவசம். கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. 2020-ல் கொரோனா வந்தபோது சீனியர் சிட்டிசன் சலுகையை நிறுத்தினார்கள். நல்லவேளை, இதில் கை வைக்கவில்லை.

அம்மாவுக்கு மார்பில் கட்டி. வைத்தியம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய இடம். சலுகை ஃபாரத்தை அங்கேயே நிரப்பி, டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் போட்டுத் தருகிறார்கள். பெயர், வயசு, எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆதாரில் உள்ள மாதிரியே பெயரை எழுதச் சொல்லுங்கள். இனிஷியல் முன்னே, பின்னே மாறியதற்காக ஒரு கவுண்டரில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அம்மாவை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் கெஞ்சிக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்பவும் கோபம் வருகிறது. சலுகையைக் கொடுத்துவிட்டு, வாங்க வருகிறவரை இப்படி அலைக்கழிக்கலாமா?

டிக்கெட் கைக்கு வந்துவிட்டால் அருமை பயணத்தில்தான் தெரியும். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி மொரப்பூரில் ஏறினால் விடியற்காலை சென்ட்ரல். கீமோ போட்டுத் திரும்பும்போது அம்மாவுக்கு வாந்தி நிற்காது. லோயர் பெர்த்தில் சாய்த்துப் படுக்க வைத்து, ஈரத்துண்டை நெற்றியில் போட்டு, பக்கத்தில் ஒரு கேரி பேக் வைத்துவிடுவேன். பாத்ரூமும் நாலு எட்டில் இருக்கும். திருவண்ணாமலை வழியாக பஸ்ஸில் உட்கார்ந்தே வந்த ஒரு தடவை அம்மா, "பாப்பா, இனிமே பஸ்ஸுன்னா என்னக் கூப்பிடாத" என்றது. மகளிர் இலவசப் பயணமும் டவுன் பஸ்ஸோடு சரி, சென்னை பஸ்ஸுக்குக் கிடையாது.

ஆனால் டிக்கெட் இலவசமானால் தூரம் குறைந்துவிடுமா? பயாப்ஸி ரிப்போர்ட்டோடு முதல் தடவை ஓடியபோது எங்கள் கையில் ஃபாரமே இல்லை. முழுக் காசு கொடுத்துத்தான் போனோம். பிறகு ரேடியேஷன். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், வாரக்கணக்கில். மெஷினுக்கு அடியில் படுப்பது சில நிமிஷம்தான், ஆனால் அதற்காக ஊரை விட்டுவிட்டு ரூம் எடுத்துத் தங்க வேண்டும். மரவள்ளி பிடுங்குகிற நேரத்தில் அப்பா ஒண்டியாகக் கிடந்தார். எங்கள் தெருவில் ஓர் அக்கா, கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு ரேடியேஷனைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல். சென்னையில் வீடு இருந்திருந்தால் அவர் வைத்தியத்தை முடித்திருப்பார்.

எங்களுக்காவது மொரப்பூர் ஸ்டேஷன் இருக்கிறது. சித்தேரி மலையிலிருந்து வருகிறவர்கள் அரூருக்கு இறங்கி, அங்கிருந்து மொரப்பூர் வரவேண்டும். மொரப்பூர் - தர்மபுரி ரயில் பாதைக்கு 2019-லேயே அடிக்கல் நாட்டினார்கள். கிருஷ்ணகிரி டவுனில் ரயில்வே ஸ்டேஷனே இல்லை. அங்கே இருக்கிற எங்கள் பெரியம்மாவுக்கு இந்தச் சலுகையால் என்ன பிரயோஜனம்? மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் அதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, ரொம்ப நல்ல விஷயம். கீமோவாவது மாவட்டத்துக்குள் வரட்டும். மூன்று வருஷத்தில் எல்லா மாவட்ட ஆஸ்பத்திரியிலும் டே கேர் கேன்சர் சென்டர் (கீமோ போட்டுக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பும் இடம்) என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் அதைச் சீக்கிரம் திறக்க வேண்டும்.

அதுவரை இந்த டிக்கெட்டை விடாதீர்கள். செக்கப் முடிந்து கிளம்பும் முன்பே அடுத்த தேதிக்கான ஃபாரத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். தேதி தெரிந்த அன்றைக்கே கவுண்டருக்குப் போங்கள்; பண்டிகை நாளென்றால் ஸ்லீப்பர் சட்டென்று நிரம்பிவிடும், கையில் சலுகை இருந்தாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான்.