திறந்த நாளா, பெட்டி ஆய்வுகூடமா?

திருகோணமலையில் ஒரு விஞ்ஞானத் துறை பாடசாலைப் பிள்ளைகளை எட்ட வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. திறந்த நாள் வைத்து, பஸ் பிடித்துப் பிள்ளைகளை வளாகத்துக்கு அழைக்கலாம். அல்லது ஆய்வுகூடத்தைப் பெட்டியில் அடுக்கிப் பாடசாலைக்குக் கொண்டுபோகலாம். மூன்றாவதாகச் சூம் (Zoom) இணையவழிச் சந்திப்பையும் சொல்வார்கள். அறிமுகமான பிள்ளைகளின் சந்தேகம் தீர்க்க அது போதும். முதல் சந்திப்புக்கு உதவாது.

முதலில் தூரக் கணக்கு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் இருக்கிறது. குச்சவெளி, புல்மோட்டைப் பிள்ளைகள் நகருக்குள் போகாமலே வந்துவிடலாம். மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பிள்ளைகள் கிண்ணியாப் பாலம் தாண்டி, நகரைக் கடந்து, திரும்பவும் வடக்கே போக வேண்டும். 2009இல் பாலம் திறந்தபின் பாதைக்கு (ஆற்றைக் கடக்கும் மிதவைக்கு) காத்து நிற்கும் தொல்லை இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஈச்சிலம்பற்றிலிருந்து காலை 7.30க்குப் புறப்படும் பஸ் வந்துசேர இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. பாடசாலை விடும் 1.30க்குள் திரும்ப வேண்டுமென்றால் 11.15க்கு ஏற்றிவிட வேண்டும். மிஞ்சுவது ஒன்றரை மணித்தியாலம். தண்ணீர், சிற்றுண்டி, கழிப்பறை வரிசை என்று அரை மணித்தியாலம் போய்விடும். மீதி ஒரு மணித்தியாலத்தில் பதினான்கு மேசைகளை வைத்தால், ஒவ்வொன்றிலும் நான்கு நிமிடம். பிள்ளை கையை நீட்டுவதற்குள் ஆசிரியர் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார். நான்கு மேசை, பதினைந்து நிமிடம் வீதம் என்று வைத்தால்தான் திறந்த நாளுக்கு ஓர் அர்த்தம்.

அப்படியானால் யாரை அழைப்பது? உயர்தரத்தில் உயிரியலோ கணிதமோ ஏற்கெனவே படிப்பவர்களை. பாடப்புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த, ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியை இயக்கிப் பார்க்க வளாகத்துக்குத்தான் வர வேண்டும்; அதைப் பெட்டியில் கொண்டுபோக முடியாது. தரம் 9 பிள்ளைகளைத் திறந்த நாளுக்குக் கூட்டி வருவது பெரும்பாலும் சுற்றுலாவாகவே முடியும். படத்துக்கு நன்றாயிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த மாவட்டத்தில் பிள்ளைகள் கைநழுவிப் போவது அந்தத் தரம் 9க்கும் 11க்கும் இடையில்தான். பாடசாலைகளின் அரசாங்க வகைப்படுத்தலில், விஞ்ஞான உயர்தரம் உள்ளது 1AB பாடசாலைகளில் மட்டும். 1C பாடசாலையில் கலையும் வணிகமும் இருக்கும். வகை 2 பாடசாலை தரம் 11உடன் நின்றுவிடும். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு, பின்தங்கிய மாவட்டங்களுக்கான தனி ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் திருகோணமலை இருக்கிறது. இவை எல்லாம் உயர்தர விஞ்ஞானப் பரீட்சைக்கு உட்கார்ந்தவருக்கான கதவுகள். வகை 2 பாடசாலையில் விஞ்ஞானத்தில் A எடுத்த பிள்ளை, அடுத்த ஊர் 1AB பாடசாலைக்கு மாறாவிட்டால் அந்தக் கதவடிக்கே வராது. ஆகவே பெட்டியை முதலில் அனுப்ப வேண்டியது நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கல்ல, வகை 2க்கும் 1Cக்கும்.

பெட்டிக்குள் என்ன வைப்பது? நாற்பது பேர் வகுப்பை ஐந்து பேராகப் பிரித்தால் எட்டுக் குழு. எட்டுத் தொகுதி வேண்டும். அதிபரிடம் ஒரு பாடவேளையல்ல, அடுத்தடுத்த இரண்டைக் கேட்க வேண்டும்.

அமிலம், மூலம் காட்டச் செவ்வரத்தை போதும். பத்துப் பூவின் இதழை 200 மில்லிலீற்றர் கொதிநீரில் ஊற வைத்தால் காட்டி தயார். தேசிக்காய்ச் சாறு விட்டால் சிவக்கும், சலவைச் சோடாக் கரைசலில் பச்சையாகும். முதல்நாளே வடித்துப் போத்தலில் கொண்டுபோனால் இந்த வெக்கைக்குப் புளித்து நிறம் கெடும். உலர்ந்த இதழையும் சுடுதண்ணீர்ப் போத்தலையும் கொண்டுபோவதே சரி. சுண்ணாம்பு நீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சித் தானே கலங்கிவிடும். சிறு போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, போகும் வழியில் திறக்காமல் வைக்க வேண்டும்.

புல்மோட்டை மணலைப்போல இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நெருக்கமான பொருள் வேறில்லை. கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைற்று என்ற கனியம். கூடவே உரூத்தைலும் சேர்க்கனும் உண்டு. இல்மனைற்றின் காந்தத் தன்மை மெலிது, சாதாரணக் கறுப்புக் காந்தத்துக்கு அசையாது, பரிசோதனை தோற்றுப்போனதுபோல் தெரியும். நியோடிமியக் காந்தம் வேண்டும். அதைப் பொலித்தீன் பைக்குள் போட்டுத்தான் மணலில் காட்ட வேண்டும். வெறுமனே காட்டினால் ஒட்டிய மணலைச் சுரண்டவே பாடவேளை போய்விடும். மணல் ஈரமாயிருந்தால் எல்லாம் சேர்ந்து ஒட்டும். முதல்நாள் வெயிலில் காயவைக்க வேண்டும்.

நுணுக்குக்காட்டியைப் பாடசாலையில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கடற்கரை ஈரத்தில் வில்லையில் பூஞ்சணம் படர்ந்து அலுமாரியில் கிடப்பதே வழக்கம். மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் ஏறக்குறைய 140 மடங்கு பெருப்பிக்கும். வெங்காயத் தோலின் கலங்கள் தெளிவாகத் தெரியும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண்டபத்தில் மதுசார விளக்கு நிற்காது, வடிதாள் பறக்கும். தாளின் மூலைகளில் வைக்க நான்கு கல் கொண்டுபோங்கள். மாரியில் வெருகல் பக்கம் வெள்ளம் வீதியை மறிக்கும், அந்த மாதங்களில் நகருக்கு அண்மைய பாடசாலைகளை வைத்துக்கொள்ளலாம்.

மொழி விடயத்தில் இரண்டு வழியும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. வளாகத்தில் படிப்பு ஆங்கிலத்தில். விளக்க வரும் மாணவர் ஆங்கிலச் சொல்லையே சொல்லிவிட்டுப் போவார். அல்லது இணையத்தில் எடுத்த தமிழ்நாட்டுப் பதாகையை ஒட்டுவார்: ஒளிச்சேர்க்கை, செல், தனிமம். இங்கே பிள்ளையின் புத்தகத்தில் இருப்பது ஒளித்தொகுப்பு, கலம், மூலகம். பிழையான சொற்களல்ல, ஆனால் பரீட்சைத்தாளில் வேறு சொல் வரும்போது தடுமாறப்போவது பிள்ளை. பதாகையை அச்சுக்குக் கொடுக்குமுன் தரம் 9 பாடநூலோடு ஒத்துப் பார்க்க ஒரு மாலை போதும். கந்தளாய், சேருவில, கோமரங்கடவல பக்கம் போகும்போது சிங்களம் பேசும் மாணவர் இருவராவது குழுவில் வேண்டும். மொழிபெயர்ப்பவர் நடுவில் நின்றால் நேரம் இரட்டிப்பாகும். வெள்ளிக்கிழமை வேண்டாம். முஸ்லிம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறை வேறு என்பதால் நாட்காட்டியை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டே திகதி வைக்க வேண்டும். திறந்த நாளில் எல்லோருக்கும் மரக்கறிச் சோற்றுப் பார்சல் என்றால் உணவுச் சிக்கலே எழாது.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு எது வசதி? சக்கர நாற்காலிக்கு 1:12 சரிவு வேண்டும், அதாவது 15 சென்றிமீற்றர் படிக்கு 1.8 மீற்றர் நீளச் சாய்தளம். வளாகத்தில் ஒருமுறை கட்டினால் என்றும் இருக்கும். ஒவ்வொரு பாடசாலையிலும் அது நடக்காது. இங்கே திறந்த நாளுக்கே புள்ளி. பார்வை இல்லாத பிள்ளைக்கோ, சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத பிள்ளைக்கோ செவ்வரத்தை பயன்படாது. அதற்கு வெங்காயம். நறுக்கிய வெங்காயத்தோடு துணித் துண்டுகளை மூடிய தகரத்தில் இரவு முழுக்க வைத்தால் மணம் ஏறும். ஒன்றில் வினாகிரி, மற்றதில் ஐதான சோடியமைதரொட்சைட்டு விட்டு, நீரில் அலசி முகர்ந்தால் முதலாவதில் மணம் நிற்கும், இரண்டாவதில் போய்விடும். அலசுவதைக் கையுறை போட்ட விளக்குநரே செய்ய வேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை பெட்டியே முந்தும். வீட்டில் அனுமதி கேட்க வேண்டியதில்லை, திரும்பி வரும் நேரம் பற்றிய கவலையும் இல்லை. அணியில் பாதிப் பேர் மாணவிகளாக இருந்தால் கேள்விகளும் கூடும்.

பெட்டி ஒருமுறை போய் நின்றுவிட்டால் அதுவும் சுற்றுலாதான். முதல் முறை தரம் 9இல், இரண்டாம் முறை தரம் 10இல். மூன்றாம் முறை சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரத்தில், பரிசோதனை எதுவும் இல்லாமல், பெற்றோரை அழைத்து. அன்று மேசையில் இருக்க வேண்டியவை: அண்மைய 1AB பாடசாலைகளின் பட்டியல், எந்தப் பாடப்பிரிவுக்கு என்ன பெறுபேறு கேட்கிறார்கள், காலை பஸ் எத்தனை மணிக்கு, சீசன் ரிக்கெட் எப்படி எடுப்பது, விடுதி உண்டா, விண்ணப்பத்தின் கடைசித் திகதி.