நர்சிங் மாணவர்களுக்கு யு-40 இன்சுலின் சிரிஞ்ச்: வாங்கலாமா?

கல்லூரி ஸ்கில் லேபுக்கு இந்த முறை 1 மி.லி. யு-40 இன்சுலின் சிரிஞ்ச் (1 மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது) மொத்தமாக வாங்கினோம், டிஸ்போவான், பிடி (BD) என்ற இரண்டு பிராண்டும் கலந்து. தாராளமாக வாங்கலாம். ஆனால் கூடவே யு-100 (1 மில்லிக்கு 100 யூனிட்) சிரிஞ்ச் பாக்கெட் ஒன்றும் வாங்கி வையுங்கள். ஊசி எப்படி, பிஸ்டன் எப்படி என்பதைவிட அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் போவது நோயாளியின் உயிர்.

மாணவர்கள் படிக்கிற மருந்துக் கணக்குகளில் நிறைய அமெரிக்கப் புத்தகங்களிலிருந்து வருபவை, பார்க்கிற வீடியோக்களும் அப்படித்தான். அவற்றில் இன்சுலின் என்றால் 1 மில்லிக்கு 100 யூனிட், ஆரஞ்சு மூடி. அங்கே மனிதர்களுக்கு யு-40 புழக்கத்திலேயே இல்லை, நாய், பூனைக்கான இன்சுலினில்தான் அது இருக்கிறது. நம் ஊர் வார்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் முதலில் கையில் படுவது 10 மி.லி. வயல் (மருந்துக் குப்பி), லேபிளில் 40 ஐ.யூ./மி.லி. என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே பேனாவில் போடும் 3 மி.லி. கார்ட்ரிட்ஜ் கிடக்கும், அது 100 ஐ.யூ./மி.லி. கிளார்ஜின் என்ற, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினின் வயலும் 100தான். மூன்றாம், நான்காம் செமஸ்டரில் பார்மகாலஜி படித்துவிட்டு வார்டுக்குப் போகிற பிள்ளைக்கு இந்த ஃப்ரிட்ஜை யாராவது பக்கத்தில் நின்று காட்டித்தான் ஆக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கிறார். 40 வயலிலிருந்து யு-100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மி.லி., அதாவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, அடுத்த ரவுண்டில் டோஸைக் கூட்டுவார்கள், காரணம் யாருக்கும் தெரியாது. 100 வயலிலிருந்து யு-40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.5 மி.லி., அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! வகுப்பில் இதை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதினாலும் ஏறாது, இரண்டு சிரிஞ்சையும் கையில் கொடுத்து, இரண்டிலும் 20 கோடு வரை தண்ணீரை இழுக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் ஏறிவிடும். யு-100 பாக்கெட்டையும் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

சரி, சிரிஞ்சுக்கு வருவோம். சிவப்பு மூடி, ஒரு கோட்டுக்கு ஒரு யூனிட், மொத்தம் 40 கோடு. இது கற்றுக்கொள்கிறவர்களுக்கு மிகவும் வசதி. 1 மி.லி. யு-100 சிரிஞ்சில் பொதுவாக ஒரு கோட்டுக்கு 2 யூனிட் வரும், 15 யூனிட் வேண்டுமென்றால் இரண்டு கோட்டுக்கு நடுவே உத்தேசமாக நிறுத்த வேண்டும். ஊசி பீப்பாயோடு (மருந்து நிற்கும் குழாய்) ஒட்டியே வருவதால் நுனியில் மருந்து தேங்காது, ரெகுலர் (தெளிந்த இன்சுலின்), என்பிஎச் (கலங்கிய இன்சுலின்) இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கும்போது அளவு சரியாக நிற்கும். தெளிந்தது முதலில், கலங்கியது பிறகு என்ற வரிசையைப் பழகவும் இதுவே தோது. இழுப்பு இரண்டு பிராண்டிலும் வழவழவென்று இருக்கிறது, குறையில்லை. 40 யூனிட்டுக்கு மேல் எழுதியிருந்தால் இரண்டு முறை குத்த வேண்டும், அது நோயாளிக்குச் சங்கடம்தான்.

எனக்குப் பிடிக்காதது, யு-40 என்ற எழுத்து பீப்பாயில் இன்னும் பெரிதாக இருந்திருக்கலாம். மூடியைக் கழற்றி டிரேயில் வைத்த பிறகு சிவப்பு எங்கே, ஆரஞ்சு எங்கே? அதனால் மூடியின் நிறத்தை மட்டும் நம்பப் பழக்காதீர்கள். வயல் லேபிளையும் பீப்பாயையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து இரண்டு எண்ணும் ஒன்றுதானா என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவரும் பார்க்க வேண்டும். முன்பு விலை குறைவு என்று வாங்கிய வேறொரு பாக்கெட்டில் ஸ்பிரிட் பஞ்சு பட்டதும் கோடுகள் அழிந்தன, அதைத் திரும்பவும் வாங்கவில்லை.

இன்னொரு இடம் ஐசியூ. கீட்டோஅசிடோசிஸ் (சர்க்கரை கட்டுமீறி ரத்தத்தில் அமிலம் ஏறிய நிலை) நோயாளிக்கு 50 மி.லி. சலைனில் 50 யூனிட் ரெகுலர் கலக்கச் சொல்வார்கள். சாதாரண 2 மி.லி. சிரிஞ்சை எடுத்து, புத்தகத்தில் படித்த ஞாபகத்தில் அரை மில்லி இழுத்தால் 40 வயலில் அது 20 யூனிட்தான். வேண்டியது 1.25 மி.லி. இன்சுலினை இன்சுலின் சிரிஞ்சில் மட்டுமே அளப்பது என்று லேபிலேயே பழகியிருந்தால், ஒரு முழு சிரிஞ்ச், அப்புறம் 10 யூனிட், அவ்வளவுதான். கேஸ் ஷீட்டில் யூனிட் என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். 10 என்ற எண்ணை ஒட்டி ஆங்கில யு (U) ஒன்றைப் போட்டால் அவசரத்தில் அது 100 ஆகத் தெரியும்.

அளவு சரியாகப் போனாலும் மருந்து எப்போது வேலை செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். ரெகுலர் அரை மணியில் ஆரம்பித்து 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், என்பிஎச் மெதுவாகப் போய் நீண்ட நேரம் நிற்கும். ஊசி போட்டாயிற்று, சாப்பாட்டு வண்டி இன்னும் வரவில்லை என்றால் அந்தக் கட்டிலுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியவர் நர்ஸ்தான். வியர்வை, நடுக்கம், சர்க்கரை 70க்குக் கீழே என்றால், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடத்தில் மறுபடி டெஸ்ட்.

குத்திய பிறகு மூடியை மாட்டக் கூடாது, நேராக ஷார்ப்ஸ் (ஊசி போன்ற கூர்மையானவை) போடும் வெள்ளை டப்பாவுக்கு. லேபிலும் அப்படியே செய்யுங்கள், தண்ணீர்தானே என்று விடாதீர்கள்.

கடையில் கேட்கும்போது வெறுமனே இன்சுலின் சிரிஞ்ச் என்று கேட்காமல் யு-40 என்று சொல்லிக் கேளுங்கள். ஒரு கடையில் யு-40 தீர்ந்துவிட்டது, யு-100 தரட்டுமா, எல்லாம் ஒன்றுதானே என்றார்கள். லேபுக்கு வாங்கப்போன எனக்கு வித்தியாசம் தெரியும், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகிற பாட்டிக்கோ அவர் மகனுக்கோ தெரியாது. அதனால் டிஸ்சார்ஜ் அன்று சிரிஞ்சைக் காட்டிச் சொல்லிக் கொடுக்கும்போதே, அடுத்த முறை கடைக்குப் போகையில் வயல் வந்த அட்டைப்பெட்டியைக் கையோடு எடுத்துப்போய், இதற்குரிய சிரிஞ்ச் என்று கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.