உப்புவெளியிலிருந்து ஆழ்கடலுக்கு: ஒரு திமிங்கிலப் படகுச் சேவை பற்றிய மதிப்பீடு

மே மாத முதல் வாரத்தில், திருகோணமலை உப்புவெளிக் கரையிலிருந்து திமிங்கிலம் காட்ட ஆட்களை ஏற்றிச் செல்லும் படகுச் சேவை ஒன்றில் நானும் என் மைத்துனரும் இரண்டு காலைகள் கடலுக்குப் போனோம். குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருப்பதால் சேவையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்தக் கடலின் சிறப்பு அதன் அடியில் இருக்கிறது. துறைமுகக் குடாவிலேயே தொடங்கும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு வெளியே போகப் போக ஆயிரம் மீற்றருக்கும் மேல் இறங்கிவிடுவதால், வேறு கரைகளிலிருந்து நெடுந்தூரம் ஓடிச் சேர வேண்டிய ஆழத்தை இங்கே முக்கால் மணி நேரத்தில் எட்டிவிடலாம். 1980களின் தொடக்கத்தில் துலிப் என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் இங்கே திமிங்கிலங்களைப் பதிவுசெய்தார்கள். அதன் பின்னர் போர் இந்தக் கடலை மூடிவிட்டது. 2009க்குப் பிறகே சுற்றுலாப் படகுகள் ஓடத் தொடங்கின. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பருவம். தென்மேற்குப் பருவக்காற்றில் தென்கரையின் மிரிஸ்ஸப் பக்கம் கொந்தளிக்கும் மாதங்களிலும் இங்கே விடியற்காலைக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும்; வெயில் ஏறிக் கச்சான் காற்று எழும்பிவிட்டால் அந்த அமைதி போய்விடும்.

ஆகவேதான் ஐந்தரை மணிப் புறப்பாடு என்பது வெறும் வசதிக்கான ஏற்பாடன்று. முதல் நாள் நாங்கள் ஐந்தே காலுக்கே கரையில் நின்றோம். படகு கிளம்பியது ஆறு இருபதுக்கு. தனிப் படகு என்று தொலைபேசியில் பேசிக் காசும் கொடுத்திருந்த எங்களோடு, வேறு விடுதியிலிருந்து வந்த இருவரை ஏற்றுவதற்காகவே அந்தத் தாமதம். கேட்டபோது முகவர் சிரித்து மழுப்பினார். தரப்பட்ட உயிர்காப்பு அங்கிகளில் ஒன்றின் கொளுவி உடைந்திருந்தது; கேட்டதும் மாற்றித் தந்தார்கள் என்றாலும், கேட்டிருக்க வேண்டிய நிலை வந்திருக்கக் கூடாது. மீன்பிடிக்கும் ஃபைபர் படகுதான்; கழிப்பறை கிடையாது. மேலே கட்டியிருந்த துணி வெயிலுக்கு நல்லது, பறவை பார்ப்பவருக்கு இடைஞ்சல்.

இத்தனைக்கும் ஈடுகட்டியவர் படகோட்டி. ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் வெளியே வந்ததும் இயந்திரத்தைத் தணித்து, வெயில் எங்கள் முதுகில் விழும்படி படகைத் திருப்பி நிறுத்தினார். கிழக்குக் கடலில் காலைச் சூரியனைப் பார்த்தபடி நின்றால் கண் கூசுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. பிற படகுகள் அப்படித்தான் நின்றன. சிறிது நேரத்தில் வடக்கே ஒரு வெள்ளைத் தூண் நேராக எழுந்து கலைந்தது. எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூச்சு இடப்புறமாக முன்னோக்கிச் சாய்ந்து வரும். இது செங்குத்தாக நின்றதால் அதுவல்ல, நீலத் திமிங்கிலமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் அதை நோக்கி விரட்டவில்லை. நூறு மீற்றருக்குக் குறையாத தூரத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கி இயந்திரத்தை நிறுத்தினார். அந்த நிசப்தத்தில்தான் மூச்சின் ஓசை கேட்டது: பெரிய துருத்தியை ஒரே அழுத்தாக அழுத்தியதுபோல. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ இருபது விநாடிக்கு ஒன்றாக எட்டு மூச்சுகள். சாம்பல்நீல முதுகு திட்டுத்திட்டாக உருண்டு நீண்டுகொண்டே போய், முடிவில் அந்த உடலுக்குச் சற்றும் பொருந்தாத சின்னஞ்சிறு துடுப்பு தெரிந்தது. எட்டாவது மூச்சுக்குப் பின் வால் முழுவதுமாக எழுந்து, நீர் ஒழுக, ஓசையின்றி இறங்கியது. அது நின்ற இடத்தில் கண்ணாடி போன்ற வட்டமும், சற்றுத் தள்ளிச் செங்கல் நிறத்தில் ஒரு கலங்கலும் மிஞ்சின. அந்தக் கலங்கல் அதன் எச்சம். கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் 2003இல் இத்தகைய எச்சத்தைக் கண்டதிலிருந்துதான், துருவக் கடல்களுக்குப் போகாமல் இந்த வெப்பக் கடலிலேயே இரைதேடும் நீலத் திமிங்கிலங்களைப் பற்றிய தம் ஆய்வைத் தொடங்கினார். அதைக் காட்டுவோம் என்று எந்த விளம்பரமும் சொல்லாது; எனக்கோ வாலைவிட அதுவே பெரிய காட்சி.

வேறொரு படகு திமிங்கிலம் மூழ்கிய திசையில் பாய்ந்தபோது எங்களோடு வந்தவர்கள் பொறுமையிழந்தார்கள். படகோட்டி அசையவில்லை. "அது ஆறுதலா மூச்செடுக்கட்டும், தம்பி. துரத்தினால் தூரத்தான் போகும்," என்றார். பதினொரு நிமிடம் கழித்து அது எங்களுக்கு அருகிலேயே எழுந்தது.

பறவைகள் விடயத்தில் இந்தச் சேவைக்கு மதிப்பெண் போட இயலாது. விளக்கம் சொல்ல ஆள் வருவார் என்று முகவர் உறுதியளித்திருந்தார். வந்த இளைஞர் பறந்த எல்லாவற்றையும் கடற்காகம் என்றார். உண்மையில் நாங்கள் பார்த்தவற்றில் ஒரு கடற்காகம்கூட இல்லை. மிதந்து வந்த மரக்கட்டையில் வெண்ணெற்றியும் கரும்பழுப்பு முதுகுமாக மூன்று பிரிடில்ட் ஆலாக்கள் அமர்ந்திருந்தன. சிறகை விறைப்பாக நீட்டி அலையை உரசிப் போன ஷியர்வாட்டர்கள் இரண்டு. பின்னர், ஊர்க்குருவியைவிடச் சற்றே பெரிதான வில்சன் புயற்பறவை ஒன்று, காலைத் தொங்கவிட்டு நீரின்மேல் நடப்பதுபோல் தத்திச் சென்றது. அண்டார்க்டிக் பக்கத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வந்த உயிருக்குப் படகை ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னபோது, அந்த இளைஞர் வியப்போடு என்னைப் பார்த்தார். படகோட்டி நிறுத்தினார். இருநோக்கி கொண்டுபோவோர் எட்டு மடங்குள்ளதையே எடுங்கள். ஆடும் படகில் பத்து மடங்கு நடுங்கும்.

இரண்டாம் நாள் படகோட்டி மாறியிருந்தார், அனுபவமும் மாறியது. எங்கள் கரையோரத்தில் ஓங்கில் என்று சொல்லும் டொல்பின்களில் சுழன்று பாயும் இனத்தின் பெருங்கூட்டம் ஒன்று கிடைத்தது. இவை இரவில் இரைதேடிப் பகலில் ஓய்வெடுப்பவை. புதியவர் கூட்டத்தின் நடுவே மூன்று முறை வேகமாக ஓட்டி, பயணிகளின் கைபேசிகளுக்காக அவற்றைத் துள்ள வைத்தார். போதும் என்று நான் சொன்னது இயந்திர இரைச்சலில் கேட்கவில்லையா, கேட்டும் விட்டாரா என்று தெரியவில்லை.

பதிவுசெய்யும்போது விலையைப் பேசுவதற்கு முன் யார் படகோட்டுவார் என்பதைக் கேளுங்கள்; தனிப் படகு என்றால் அதைக் குறுஞ்செய்தியில் எழுதி வாங்குங்கள். முதல் நாள் வந்தவரின் இலக்கத்தை நான் நேரடியாக வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த ஏப்ரலில் முகவரை விட்டுவிட்டு அவரையே அழைப்பதாக இருக்கிறேன்.