விசாவுக்குள் முடியும் கடன்: தென்னாப்பிரிக்காவில் முதல் பழைய கார், வாங்குவது முதல் விற்பது வரை

ஜோகன்னஸ்பர்க்கில் மிட்ராண்ட், ஃபோர்வேஸ், சன்னிங்ஹில் பக்கம் வேலைக்கு வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் மாதத்தை ஊபரிலும் போல்ட்டிலும் சமாளிக்கிறார்கள். வீடும் ஆபீஸும் கௌட்ரெயின் நிலையத்துக்குப் பக்கத்தில் அமைந்தால் இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம். பள்ளிக்குப் போகிற பிள்ளை இருந்தால் தள்ள முடியாது. இங்கே சொல்லப்போவது அப்படி அவசரத்தில் வாங்கி, மூன்று நான்கு ஆண்டு ஓட்டி, ஊருக்குத் திரும்பும்போது விற்ற கார்களின் அனுபவம். கார் சரியாக அமைந்தும் கடன் தப்பாக அமைந்ததால் கஷ்டப்பட்டவர்களே அதிகம். அதனால் கடனைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் டிஆர்என்

தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர் பெயரில் வண்டியைப் பதிய, டிராஃபிக் ரிஜிஸ்டர் நம்பர் என்ற எண் வேண்டும். எல்லோரும் டிஆர்என் என்றே சொல்கிறார்கள். ஏஎன்ஆர் படிவம், பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவு படங்கள் இவற்றோடு வண்டிப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கார் பார்த்துப் பிடித்த பிறகு இதற்கு ஓடினால், டீலரிடம் கட்டிய முன்பணம் முடங்கிக் கிடக்கும். வங்கி கொடுத்த கடன் அனுமதியும் காலாவதியாகலாம். வந்த முதல் வாரத்திலேயே இதைத் தொடங்கிவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கட்டும். நமக்கு இனிஷியல் ஒரு நிரந்தரத் தொல்லை. அப்பா பெயர் ஒரு ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

தற்காலிக விசாவில் இருக்கும்வரை நம் ஊர் ஓட்டுநர் உரிமம் செல்லும். அது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், படமும் கையெழுத்தும் இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் மறந்துவிடுகிறார்கள். உரிமம் காலாவதியான நிலையில் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கும். நிரந்தர வசிப்புரிமை கிடைத்தால் ஓராண்டுக்குள் உள்ளூர் உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

வங்கி பார்ப்பது விசாவின் கடைசித் தேதியை

வெஸ்பேங்க், நெட்பேங்கின் எம்எஃப்சி, அப்சா, ஸ்டாண்டர்ட் பேங்க் ஆகியவைதான் இங்கே வண்டிக் கடன் தரும் முக்கியமான வங்கிகள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கி அறிக்கை, முகவரிச் சான்று, வேலை ஒப்பந்தம், விசா ஆகியவற்றைக் கேட்பார்கள். மூன்று சம்பளம் வாங்கும் முன் விண்ணப்பிப்பது வீண். புதிதாக வந்தவருக்கு டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் போன்ற நிறுவனங்களில் கடன் வரலாறே இருக்காது. சிபில் மதிப்பெண் நம் ஊரில் 800 இருந்தாலும் இங்கே செல்லாது. ஒரு மொபைல் போன் ஒப்பந்தமோ துணிக்கடைக் கணக்கோ எடுத்து, ஆறு மாதம் தவறாமல் கட்டினால் அந்த வரலாறு நிரம்பத் தொடங்கும். ஒரே வாரத்தில் ஐந்து டீலரிடம் விண்ணப்பம் கொடுத்தால் ஐந்து விசாரணைகள் அதே வரலாற்றில் பதிவாகும். வங்கிகளுக்கு அது நல்ல அறிகுறி அல்ல.

டெபாசிட்டாக விலையில் 10 முதல் 20 சதவீதம் கேட்பது வழக்கம். கடனின் காலத்தை விசாவில் மீதமுள்ள மாதங்களோடு ஒட்டியே வங்கி முடிவு செய்யும். நான்கு ஆண்டு விசாவில் ஓராண்டு கழித்து விண்ணப்பித்தால் 36 மாதம்தான் கிடைக்கலாம். விசா புதுப்பிக்கக் கொடுத்த ரசீதை வைத்துப் புதுக் கடன் வாங்குவது கடினம். விசா புதிதாக இருக்கும்போது விண்ணப்பிப்பதே நல்லது.

வட்டி பெரும்பாலும் ப்ரைம் விகிதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு 3.5 சதவீதம் கூட்டினால் வருவதுதான் ப்ரைம். 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை அது 11.75 சதவீதத்தில் நின்றது. அப்போது இறுக்கமாகத் தவணை போட்டவர்களுக்கு மூச்சு முட்டியது. கடன் வரலாறு இல்லாதவருக்கு ப்ரைமுக்கு மேல் சில சதவீதம் கூட்டிச் சொல்வார்கள். வந்த முதல் வட்டி விகிதத்தை ஏற்காமல் பேசிப் பாருங்கள். இன்னொரு வங்கி எழுத்துபூர்வமாகச் சொன்ன வட்டி விகிதம் கையில் இருந்தால் குறைக்கிறார்கள்.

கணக்கு இதுதான். கடன் 2 லட்சம் ரேண்ட், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 72 மாதம் என்றால் மாதத் தவணை 3,910 ரேண்ட், மொத்த வட்டி சுமார் 81,500. 48 மாதம் என்றால் தவணை 5,267, வட்டி 52,800. 36 மாதம் என்றால் தவணை 6,643, வட்டி 39,100. 72 மாதக் கடனில் வட்டி ஒரு சதவீதம் ஏறினால் தவணை மாதம் 105 ரேண்ட் கூடும்.

இதற்கு மேல் ஒரு பொறி இருக்கிறது. பலூன் பேமெண்ட் என்று சொல்லி, கடனில் 30 சதவீதத்தைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைப்பார்கள். மேலே சொன்ன 72 மாதக் கடனில் 60,000 ரேண்ட்டை அப்படித் தள்ளினால் தவணை 3,337 ஆகும். மாதம் 573 ரேண்ட் மிச்சம் என்று தோன்றும். மொத்த வட்டியோ 1 லட்சத்தைத் தாண்டிவிடும், அதாவது 18,700 ரேண்ட் கூடுதல். கடைசி மாதம் 60,000 ரேண்ட்டை ஒரே தடவையில் புரட்டவும் வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் திடீரென்று ஊருக்குக் கிளம்ப நேர்ந்தால் சாதாரணக் கடனில் பாக்கி சுமார் 1,17,700. பலூன் இருந்தால் 1,42,400. பழைய காரின் சந்தை விலை பெரும்பாலும் இதற்குக் கீழே போயிருக்கும். வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்டாமல் காரை விற்கவே முடியாது. எப்போது ஊர் திரும்புவோம் என்று தெரியாத ஒருவருக்குப் பலூன் கடன் கூடவே கூடாது. தவணை தாங்கவில்லை என்றால் விலை குறைந்த காரை எடுங்கள்.

தொடக்கக் கட்டணத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு வாட் வரியோடு 1,207.50 ரேண்ட். மாதச் சேவைக் கட்டணம் 69 ரேண்டுக்கு மேல் போகக் கூடாது. இதற்கு வெளியே டீலர் எழுதும் 'ஆன் தி ரோட்', 'அட்மின்' கட்டணங்களைப் பேரம் பேசலாம். கண்ணாடிப் படலம், பெயிண்ட் பாதுகாப்பு, கடன் காப்பீடு எல்லாம் சத்தமில்லாமல் கடன் தொகைக்குள் நுழையும். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் தொகையும் கார் விலையும் ஒத்துப்போகிறதா என்று வரிவரியாகப் பாருங்கள்.

இன்னொரு எல்லைக்கோடு 2,50,000 ரேண்ட். அதற்குக் கீழான கடனை எப்போது வேண்டுமானாலும் அபராதமின்றி முடிக்கலாம். அதற்கு மேல் போனால் மூன்று மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான வட்டியோ வங்கி கேட்கலாம்.

எந்தக் கார்

இங்கே தெருவில் ஓடும் கார்களில் பல நம் ஊரில் செய்யப்பட்டவை. ஹூண்டாய் கிராண்ட் ஐ10 ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து, ரெனால்ட் க்விட், நிசான் மேக்னைட் ஓரகடத்திலிருந்து, ஃபோர்டு எக்கோஸ்போர்ட் மறைமலை நகரிலிருந்து கப்பலேறி வந்தவை. பழகிய வண்டி என்ற நிம்மதி உண்டு. ஆனால் ஓடும் இடம் வேறு. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். 1.0 லிட்டர் காரில் ஐந்து பேர் ஏறி, ஏசி போட்டுக்கொண்டு டர்பன் போனால், திரும்பி வரும்போது வான் ரீனன் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர வேண்டும். குடும்பமாக நெடுஞ்சாலையில் போகிறவர்கள் 1.2க்குக் கீழே போக வேண்டாம்.

நீண்ட நாள் ஓட்டத்தில் தொந்தரவு குறைந்தவை டொயோட்டா கொரோலா க்வெஸ்ட்டும் சுசுகி ஸ்விஃப்ட்டும். க்வெஸ்ட் 1.8 எஞ்சினில் டைமிங் செயின் என்பதால் பெல்ட் செலவு இல்லை. உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், மறுவிற்பனை விலையும் நிற்கும். ஃபோக்ஸ்வாகன் போலோ விவோ உறுதியான வண்டிதான். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாற்றிய ரசீது இல்லாமல் 1 லட்சம் கி.மீ. தாண்டிய விவோவை வாங்கினால் அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். எக்கோஸ்போர்ட் 1.0 டர்போவில் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது. எண்ணெய் மாற்றத் தாமதித்தால் பெல்ட் துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். சர்வீஸ் புத்தகம் முழுமையாக இல்லாத அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

பார்க்கும் நாளில்

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். டீலர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமிட்டால் 'டக் டக்' சத்தம் வருகிறதா? சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. குழி நிறைந்த சாலைகளால் கன்ட்ரோல் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர், ரிம் மூன்றும் சீக்கிரம் போகும். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் கோடை மாலைகளில் ஆலங்கட்டி மழை பெய்யும். பானட்டையும் கூரையையும் வெயிலில் சாய்வாகப் பாருங்கள், அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தெரியும். டர்பன் பக்கத்து வண்டி என்றால் கடற்காற்றின் துரு, கதவின் அடிவிளிம்பிலும் சைலென்சர் இணைப்புகளிலும் தெரியும். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

காகிதத்தில் முக்கியமானது வண்டியின் நிலையைக் குறிக்கும் கோட். கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் உடைந்து மறுபடி கட்டியது. பெரும்பாலும் வங்கி கடன் தராது, காப்பீடும் கஷ்டம். ஒரு சிக்கல் என்னவென்றால், காப்பீட்டு நிறுவனம் கழித்துக்கட்டிய சில வண்டிகள் ஏலத்தில் போய், பழுது பார்க்கப்பட்டு, கோட் 2 ஆகவே சந்தைக்குத் திரும்பி வருகின்றன. தென்னாப்பிரிக்கக் காப்பீட்டுச் சங்கத்தின் தளத்தில் வண்டியின் சேஸிஸ் எண்ணான விஐஎன் எண்ணைக் கொடுத்து இதைச் சரிபார்க்கலாம். டெக்ரா போன்ற சோதனை மையத்தின் அறிக்கையையும் உங்கள் செலவில் எடுங்கள்.

டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் உத்தரவாதம் உண்டு: பழுதுபார்ப்பு, மாற்று, பணம் திரும்பப் பெறுதல் மூன்றில் ஒன்றைக் கேட்கும் உரிமை. சாதாரணத் தேய்மானம் இதில் சேராது. எழுதிக் காட்டிய குறையும் சேராது. ஆகவே குறைப் பட்டியல் என்று நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். தனியாரிடம் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று வாங்கினால், அதாவது இருப்பது இருந்தபடி, அந்தப் பாதுகாப்பு கிடையாது. தனியார் விற்பவரிடம் ஆர்சி1 என்ற பதிவுச் சான்றின் அசல் இல்லை என்றால் வண்டி மேல் கடன் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஹைப்போதிகேஷன் அச்சிட்டு ஆர்சியை நம் கையில் தருவார்கள். இங்கே கடன் முடியும்வரை வங்கிதான் டைட்டில்ஹோல்டர், அதாவது சட்டப்படி உரிமையாளர்; ஆர்சி1 வங்கியிடமே இருக்கும். கடன் உள்ள வண்டி என்றால் பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல், கடன் பாக்கி எவ்வளவு என்று அவருடைய வங்கி தரும் பாக்கிக் கடிதம் வாங்கி அந்த வங்கிக்கே நேராகக் கட்டுங்கள். வாங்கிய 21 நாளுக்குள் உங்கள் பெயரில் பதிய வேண்டும்; வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்று 60 நாள்தான் செல்லும்.

ஓட்டும் காலம்

மூன்றாம் தரப்புக் காப்பீடு இங்கே கட்டாயம் இல்லை என்று கேட்டு வியப்பார்கள். பெட்ரோல் விலையில் வசூலிக்கும் வரியில் நடக்கும் சாலை விபத்து நிதி, காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும் ஈடு தரும். வண்டிச் சேதத்துக்குத் தராது. கடன் வண்டிக்கு முழுக் காப்பீடு வேண்டும் என்பது வங்கியின் நிபந்தனை. ரீட்டெயில் மதிப்பில், அதாவது டீலர் விற்கும் விலையில், எடுங்கள். டெபாசிட் குறைவாகக் கட்டியிருந்தால், ஈட்டுத் தொகைக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் கூடுதல் காப்பும் வேண்டும். மனைவிதான் தினமும் ஓட்டுகிறார் என்றால் வழக்கமான ஓட்டுநராக அவர் பெயரையே எழுதுங்கள். பிரீமியம் குறையும் என்று பெயரை மாற்றி எழுதினால், விபத்து நடந்த பிறகு அதுவே மறுப்புக்குக் காரணமாகும். போலோ, ஹைலக்ஸ் போன்ற திருடர் விரும்பும் வண்டிகளுக்கு ட்ராக்கர் கேட்பார்கள். கடை வாசலில் ரிமோட் அழுத்திய பிறகு கதவைக் கையால் இழுத்துப் பாருங்கள்; சிக்னலைத் தடுத்துத் திருடுவது இங்கே சாதாரணம்.

2021 ஜூலை முதல் வெளி கராஜில் சர்வீஸ் செய்தாலும் அதற்காக மட்டும் வாரண்டி போகாது. ரசீதை வைத்திருங்கள். லெசோத்தோ, மொசாம்பிக் போக வேண்டும் என்றால் டைட்டில்ஹோல்டரான வங்கியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் எல்லையில் விடமாட்டார்கள்.

கிளம்பும்போது

விற்பதை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பாக்கிக் கடிதம் வாங்கி, கடனை முடித்து, வங்கியிடமிருந்து ஆர்சி1 வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். காரை உடனே வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் வங்கிப் பாக்கியையும் அவர்களே தீர்ப்பார்கள், விலை மட்டும் குறையும். யாரிடம் விற்றாலும் உரிமையாளர் மாறியதைத் தெரிவிக்கும் என்சிஓ படிவத்தை நிரப்பிப் பதிவு அலுவலகத்தில் நீங்களே கொடுத்து, முத்திரை பதித்த நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் பெயர் மாற்றத் தாமதித்தால், அவர் பிடிபடும் வேக அபராதமெல்லாம் உங்கள் டிஆர்என்னில்தான் ஏறிக்கொண்டிருக்கும்.