உக்கடம் பழைய புத்தகக் கடையில் கிடைத்த டாமி டக்ளஸ்

கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடை வரிசையில் பாய் ஒருவர் நடத்தும் சின்னக் கடைக்கு 6 வருடமாகப் போய்வருகிறேன். முன்னால் முழுக்க என்ஜினியரிங், நீட் புத்தகங்கள்தான் அடுக்கியிருக்கும். நமக்கு வேண்டியது உள்ளே கீழ்த்தட்டில் கிடக்கும், குனிந்து தேட வேண்டும். வெளிச்சம் போதாது, டார்ச் எடுத்துப் போங்கள்.

போன மாதம் போனதும், "வாங்கண்ணா, உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேனுங்க" என்று ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை நீட்டினார். கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணத்துக்கு 1944 முதல் 1961 வரை முதல்வராக இருந்த டாமி டக்ளஸின் வாழ்க்கை வரலாறு. "சின்ன வயசுல அச்சாபீஸ்ல வேலை பார்த்தவருன்னு போட்டிருக்குதுங்க, அதான்" என்றார். கோபியில் 22 வருடம் அச்சுக் கோத்தவன் நான். அதை எப்போதோ ஒருமுறை சொன்னதுதான். இப்படி ஞாபகம் வைத்து எடுத்துவைக்கிற கடைக்காரர் எங்கே கிடைப்பார்?

150 ரூபாய் சொல்லி 120க்குக் கொடுத்தார். முதுகு விட்டிருந்தது. அதை அவரே காட்டிச் சொல்லி, பசை தடவி நூல் சுற்றித் தந்தார். பக்கங்களைச் சரிபார்த்தேன், ஒன்றும் குறையவில்லை.

சிறுவயது அத்தியாயத்தைத் தாண்டவே எனக்கு 2 நாள் ஆயிற்று. டக்ளஸுக்குக் காலெலும்பில் சீழ். வின்னிபெக்கில் தர்ம வார்டில் கிடக்கிறான் பையன். காலை எடுத்துவிடலாம் என்கிறார்கள். மாணவர்கள் கூட நின்று பார்க்கச் சம்மதித்தால் காசு வாங்காமல் ஆபரேஷன் செய்கிறேன் என்று ஒரு பெரிய டாக்டர் முன்வருகிறார். கால் தப்பியது. எங்கள் அப்பாவுக்கும் 1986இல் அதே சீழ்தான். ஒரு தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்றுவிட்டார்கள். ஒன்றேகால் ஏக்கர் மஞ்சக் காட்டை விற்றுப் பணம் புரட்டுவதற்குள் 11 நாள் ஓடிப்போனது. அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பையன்தான் முதல்வராகி, 1947இல் மாகாணம் முழுக்க மருத்துவமனைக் காப்பீடு கொண்டுவந்தார். ஆரம்பத்தில் ஆளுக்கு வருடம் 5 டாலர். டாக்டர் செலவையும் சேர்த்த திட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே அவர் தேசிய அரசியலுக்குப் போய்விட்டார், 1962 தேர்தலில் தோற்கவும் செய்தார். அடுத்து முதல்வரான உட்ரோ லாயிட் அதே வருடம் ஜூலை 1 அன்று திட்டத்தைத் தொடங்க, டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில சமரசங்களோடு திட்டம் நின்றது. 1966இல் நாடு முழுவதற்குமே சட்டம் வந்தது. அந்த 23 நாளை லாயிட் எப்படித் தாங்கினார் என்பது எனக்கு இன்னும் விரிவாகத் தெரிய வேண்டும்.

கடை வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடியிருக்கும், மற்றபடி இருட்டும்வரை உண்டு. லாயிட் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பாய் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.