அலுமினிய வாக்கிங் ஸ்டிக், ரெண்டு மாசம் ஊனி நடந்த அனுபவம்
வலது கணுக்கால் உடைஞ்சு பிளேட் வச்சு மூணு மாசம் வீட்டுக்குள்ளயே கெடந்தேன், ஒரு சொம்பு தண்ணிக்குக்கூட ஆச்சிய கூப்புடணும், பெரிய கொடும வே அது. டாக்டர் ஊனி நடக்கலாம்னதும் பாளையங்கோட்டையில ஒரு சர்ஜிக்கல் கடையில இத வாங்குனேன். கடக்கார அண்ணாச்சி கைய சும்மா தொங்கவிடச் சொல்லி மணிக்கட்டு ரேகை உயரத்துக்கு பட்டன அமுக்கி செட் பண்ணித் தந்தாரு, வலது கால்ல அடின்னா இடது கையிலதான் புடிக்கணும்னும் அவருதான் சொன்னாரு, நான் இத்தன நாளும் உல்டாவா நெனச்சிருந்தேன்.

வெயிட் ரொம்ப கம்மி. குறைன்னா அடியில இருக்க ரப்பர்தான், ரெண்டே மாசத்துல ஒரு பக்கமா தேஞ்சு பாத்ரூம் ஈரத்துல சர்ருனு வழுக்கிடுச்சு, நல்லவேள செவுத்த புடிச்சிட்டேன். ரப்பர் தனியா கெடைக்கி, மாத்தியாச்சு, ஆனா மொதல்லயே நல்லதா போட்டுத்தந்தா என்னவாம்?

நேத்து சாயங்காலம் யார்ட்டயும் சொல்லாம டவுனுக்கு பஸ் ஏறிட்டேன். நெல்லையப்பர் கோயிலுக்கு எதுத்தாப்புல இருட்டுக்கடை கூட்டத்துல நானே நின்னு கால் கிலோ அல்வா வாங்கி, தனியா ஒரு அம்பது கிராம் எலையில வாங்கி, ஸ்டிக்க கக்கத்துல இடுக்கிட்டு சூடா நெய் ஒழுக ஒழுக தின்னேன். வீட்டுக்கு வந்தா ஆச்சிகிட்ட செம ஏச்சு. ஏசிட்டே அல்வாவயும் பிரிச்சிட்டா.