பிளேஸ்டேஷன் 1, பிளேஸ்டேஷன் 2: எவ்வளவு தூரம் தாண்டினார்கள்?

சோனியின் வீடியோ கேம் கருவி பிளேஸ்டேஷன். 1994-இல் ஜப்பானில் வந்த முதல் பிளேஸ்டேஷனில் முதன்மை நினைவகம் 2 எம்.பி.தான், 2000-இல் வந்த இரண்டாவதில் 32 எம்.பி. ஆனால் விளையாடியவர்கள் கண்டது எண்களை அல்ல. பழையதில் கேமரா நகர்ந்தால் தரையும் சுவரும் நெளியும். தூரத்தைக் கணக்கில் கொள்ளாமல் படத்தைப் பரப்பில் ஒட்டியதன் விளைவு அது. (அந்த நெளிவுக்கே இன்று ரசிகர்கள் உண்டு!) புதியதில் நெளிவு போனது, முகங்களில் பாவனை வந்தது.

சேமிப்பு அட்டை 128 கே.பி.யிலிருந்து 8 எம்.பி. ஆனது. சிடிக்குப் பதில் டிவிடி, அதனால் சினிமாவும் பார்க்கலாம். அப்புறம், பழைய டிஸ்க்குகளும் பெரும்பாலும் இதில் ஓடின. சரி, மாறாதது? கன்ட்ரோலர் செருக இரண்டிலும் இரண்டே இடம்தான்.